தர்ஷினி வாயை மூடிய இருபத்து மூன்று நாள்

இயந்திரம் முப்பது நாள் தர்ஷினியைக் கவனித்தது. அவள் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியாக உட்கார்ந்து, நடப்பதையும் சமைப்பதையும் சண்டை போடுவதையும் கேட்டது. கடைசியில் அது கண்டுபிடித்துச் சொன்ன விஷயத்தை, ஈ பிளாக்கில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு டம்ளர் காப்பிக்குச் சொல்லியிருப்பார்கள்.

'விண்ணப்பதாரர் அதிகம் பேசுகிறார்.'

எவ்வளவு அதிகம் என்பதையும் விடவில்லை. நாளொன்றுக்குச் சராசரியாக முப்பத்தோராயிரம் சொற்கள். அதில் எண்பத்திரண்டு விழுக்காடு, அங்கில்லாத மனிதர்களைப் பற்றியவை.

"மீதி பதினெட்டு?" என்று கேட்டாள் தர்ஷினி.

அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்த அலுவலர் அதியன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "மாவு விலைங்க."

ஈரோட்டில் மஞ்சள் மண்டிக் குடியிருப்பு என்றால் தெரியாதவர்கள் இல்லை. அதில் ஈ பிளாக், தரைத்தளம், மாவுக் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஐம்பத்தாறு வயதான தர்ஷினி அங்கே இட்லி மாவோடு செய்தியும் கொடுத்துவந்தாள். மாவுக்குத்தான் விலை. (தர்ஷினி, ஹன்சிகா, ரித்விக் என்பதெல்லாம் தலை நரைத்தவர்களின் பெயர்களாகிவிட்ட காலம் அது. பிறக்கிற பிள்ளைகளுக்கு நாச்சம்மாள், வேலாத்தாள் என்று ஸ்டைலாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.) அவள் புருஷன் கவின்ராஜ் மண்டியில் மஞ்சள் தரம் பார்ப்பவர். ஒரு நாளைக்கு அவர் பேசும் சொற்கள் நாற்பது என்று அதே அறிக்கை சொன்னது. பிளாக்கில் பலருக்கு அதுவே அதிகமாகப் பட்டது.

இப்படிப்பட்டவள் எதற்கு ஒரு பிள்ளையை வளர்க்கக் கேட்டாள் என்பதற்கு ஈ பிளாக்கில் வீட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. உண்மைக் காரணம் சின்னது. ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்துக்கு வாரம் இரண்டு தடவை மாவு கொண்டுபோவாள். அங்கே ஒன்பது வயதில் நாச்சம்மாள் என்று ஒரு பெண். பிறவியிலேயே பார்வை இல்லை, பேச்சு வரவில்லை, இடது கால் இழுக்கும். ஒரு நாள் தர்ஷினி வாசலில் நின்று சமையற்காரரோடு அவர் மச்சினியின் கல்யாண விவகாரத்தை அலசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் வந்து அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரம். பேசி முடித்த பிறகும் விடவில்லை. மூன்று பேர் சேர்ந்து விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

தர்ஷினி பேச ஆரம்பித்தால் வேலை இருக்கிறது என்று நழுவுகிறவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். போகவிடாமல் பிடித்துவைத்த முதல் ஆள் நாச்சி. வண்டியில் திரும்பி வரும்போது வழியெல்லாம் தர்ஷினி பேசவில்லை. கவின்ராஜ் பயந்து வண்டியை ஓரங்கட்டினார்.

பிள்ளைப் பொறுப்பு வாரியத்தில் அப்போது எல்லாவற்றையும் 'இசைவு' என்ற இயந்திரம்தான் முடிவு செய்தது. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு ஜாதகம் பொருத்திப் பார்த்த மாதிரி, பிள்ளையின் கோப்பையும் வீட்டின் கோப்பையும் பொருத்திப் பார்த்து எண் கொடுக்கும். அறுபதுக்கு மேல் வந்தால் பிள்ளை. தர்ஷினிக்கு ஐம்பத்தொன்று.

"இந்தக் குழந்தைக்குச் சத்தம் ஆகாதுங்க" என்றார் அதியன். முப்பது வயது இருக்கும், மனிதர் நல்லவர், ஆனால் எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார். "காப்பகத்துல அலறின ஒவ்வொரு தடவையும் பக்கத்துல ஏதோ ஒரு சத்தம் இருந்திருக்கு. கிரைண்டர், மணி, வியாழக்கிழமை வர்ற பாட்டுக் குழு. ரெண்டு வீட்டுல குடுத்துப் பார்த்தோம். ரெண்டு பேரும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. மூணாவது தடவையும் திரும்பினா கோப்பை மூடிருவாங்க. அப்புறம் பதினெட்டு வயசு வரைக்கும் காப்பகம்தான், யாரும் கேக்க முடியாது."

"வேற யாராச்சும் இப்பக் கேட்டிருக்கறாங்களா தம்பி?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னத்துக்குங் எனக்குப் பொருத்தம் பாக்கறீங்க. எங்கிட்டக் குடுங். நான் வாய மூடிக்கறேன்."

அதியன் அவளைப் பார்த்தார், கவின்ராஜைப் பார்த்தார். கவின்ராஜ் அன்றைய நாற்பதில் ஒன்றைச் செலவழித்தார். "கஷ்டம்."

வேறு யாரும் கேட்காததால், அறுபது நாள் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. நாச்சியின் மணிக்கட்டில் ஒரு வளையம். மனம் அமைதியாக இருந்தால் பச்சை, கலங்கத் தொடங்கினால் மஞ்சள், முற்றினால் சிவப்பு. அறுபது நாளில் நாற்பது சிவப்புக்கு மேல் போகக் கூடாது. சுவரில் அதே பெட்டி. பிளாக்கில் அதற்கு 'காது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சத்தம் வரம்பு மீறினால் அது நேரே வாரியத்துக்குச் சொல்லிவிடும்.

தர்ஷினி வாயை மூடினாள். இதை நம்பாதவர்கள் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாவுக் கடையைச் சாத்தினாள், கிரைண்டர் நின்றது. பேச வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதினாள். சீட்டு போதாமல் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். பிளாக்கும் லேசுப்பட்டதில்லை. தர்ஷினி இரண்டு மாதம் பேசமாட்டாள் என்றால் அதற்கு எந்தத் தியாகமும் செய்யத் தயாராக இருந்தார்கள் என்று ஒரு தரப்பு சொல்லும். உண்மையில், அந்தப் பிள்ளை திரும்பிப் போய்விடக் கூடாது என்ற எண்ணம் எல்லாருக்கும் வந்துவிட்டிருந்தது. குக்கருக்கு விசில் போடாமல் சாதம் குழைந்தது. சங்கச் செயலாளர் ரித்விக் தண்ணீர் மோட்டாரின் மேல் மூன்று மெத்தைகளைக் கட்டினார். காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, கத்தரிக்காயைக் கையில் தூக்கிக் காட்டியபடி ஊமையாகப் போனார். மூன்றாம் மாடி ஹன்சிகா படியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இருபது வருடத்தில் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாத ஈ பிளாக், மூச்சு விடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டது.

நாச்சி மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். முதல் நாளே மூன்று சிவப்பு. கையைத் தரையில் அடித்தாள். தட்டை எறிந்தாள். சில நேரம் வாயைத் திறந்து அலறினாள், அலறிவிட்டுத் தலையைச் சாய்த்து எதற்கோ காத்திருந்தாள். தர்ஷினி ஓடிப்போய் அணைப்பாள். நாச்சிக்கு அவை யாருடையவை என்றே தெரியாத, திடீரென்று வந்து விழுந்த கைகள். திமிறித் தள்ளிவிடுவாள்.

ஒவ்வொரு சிவப்புக்கும் இசைவு காரணம் அனுப்பியது. 'மூன்றாம் மாடியில் காலடி.' 'சமையலறையில் கரண்டி.' 'தெருவில் நாய்.' மேலும் அமைதி தேவை என்றது. தர்ஷினி கரண்டிக்குத் துணி சுற்றினாள். நாயைக் கவின்ராஜ் பிஸ்கட் கொடுத்து அடுத்த தெருவுக்குக் குடிமாற்றினார்.

இருபத்து மூன்றாம் நாள் சிவப்பு முப்பத்தாறு ஆகியிருந்தது. இன்னும் நான்கு. தர்ஷினி அடுப்படியில் உட்கார்ந்து காலண்டர் தாளில் 'நான் என்ன தப்புப் பண்றேன்' என்று எழுதினாள். கவின்ராஜ் அதைப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று காலை பத்தரை மணிக்கு ஹன்சிகா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அடுப்படிக் கதவைச் சாத்தினாள். முகம் சிவந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தர்ஷினிக்கா" என்றாள் கிசுகிசுப்பாக. "நீங்க பேசாதீங். நான் சொல்லிப்போட்டு ஓடிடறேன். நம்ம ரித்விக் அண்ணன் மொட்டை மாடியில நின்னாரா, டெலிவரி ட்ரோன் வந்துச்சா, கொக்கி தலையில மாட்டிருச்சுங்க்கா. முடி மொத்தமும் கொக்கியோட வந்துருச்சு. விக்கு. இருவது வருசமா விக்கு. ட்ரோன் அதைய எடுத்துட்டுப் போயி சி பிளாக்குல டெலிவரி பண்ணிப்போட்டு, கையெழுத்துக் கேட்டுட்டு நிக்குது."

ஒரு மனுஷி எவ்வளவுதான் தாங்குவாள். இருபத்து மூன்று நாள் கட்டிய அணை, சி பிளாக்கில் ஒரு விக் கையெழுத்துக்குக் காத்து நிற்கிறது என்ற இடத்தில் உடைந்தது.

"நான் அப்பவே சொன்னனா இல்லியா" என்று ஆரம்பித்தாள் தர்ஷினி. "ஆடிக் காத்துல எல்லாத்துக்கும் முடி பறக்குது, அவருக்கு மட்டும் அசையுல. அவரு பொஞ்சாதி துவைக்கற துணியோட ஒரு நாள் கம்பியில கருப்பா என்னமோ தொங்குச்சு, காக்கா செத்துருச்சுன்னு சொன்னா. எந்த ஊருல காக்காயத் தொவச்சுக் காயப்போடுவாங்க." அங்கிருந்து ரித்விக்கின் கல்யாணத்துக்குப் போனாள், கல்யாணத்திலிருந்து பெண் வீட்டுக்கு, அங்கிருந்து பெருந்துறையில் அவர்கள் விற்ற நிலத்துக்கு. அடுப்பில் எண்ணெய் காய்ந்தது, அவள் கடுகைப் போட்டாள், வெடித்தது. "கடுகு போட்டாச்சு, அக்கட்டால நில்லு" என்றாள் பழக்கத்தில். பேச்சு நிற்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து யாரோ சேலையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. ஹன்சிகா எதிரே நின்றாள். அப்படியானால் பிடித்தது யார்.

சாத்திய கதவு திறந்திருந்தது. நாச்சி மூலையிலிருந்து, கூடத்தைத் தாண்டி, எதிலும் இடிக்காமல், இழுக்கும் காலோடு தானாக நடந்து வந்து தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலை சாய்ந்திருந்தது. வளையம் பச்சை.

தர்ஷினி திகைத்துப் பேச்சை நிறுத்தினாள். நான்கு மூச்சு நேரம். பச்சை மஞ்சளானது. நாச்சியின் வாய் கோணியது.

"சொல்லு" என்றார் வாசலில் நின்ற கவின்ராஜ். "தர்ஷினி, நிறுத்தாத, என்னமாச்சும் சொல்லு."

"என்னத்தங்க சொல்றது, ஆ, இவிய ஒருத்தரு, கல்யாணமாகி முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் என்னையப் பேசச் சொல்றாரு, இதைய நான் எங்க போயிச் சொல்ல..." மறுபடி பச்சை.

அன்று ராத்திரி நாச்சி தூங்கும் வரை தர்ஷினி பேசினாள். காது அன்று மட்டும் பதினான்கு புகார் அனுப்பியது.

மறுநாள் காலை அதியன் வந்தார். வெளியே வாரியத்து வேன் நின்றது. ஈ பிளாக் மொத்தமும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. ரித்விக்கூட, தொப்பி போட்டுக்கொண்டு.

"வரம்பை மீறிட்டீங்க" என்றார் அதியன், அவள் முகத்தைப் பார்க்காமல். "அழைச்சிட்டுப் போகச் சொல்லி உத்தரவு."

"நேத்துல இருந்து எத்தன செவப்புங்க தம்பி?"

"ஒண்ணும் இல்ல. ஆனா சத்தத்தோட விளைவு தாமதமா வரலாம்னு இசைவு சொல்லுது."

"நான் பேசுனா பச்ச, நிறுத்துனா செவப்புங்."

"அப்படின்னா இப்ப நிறுத்திக் காட்டுங்க. குழந்தை அழுதா நானே எழுதறேன்."

தர்ஷினி நாச்சியைப் பார்த்தாள். நாச்சி தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"முடியாதுங்" என்றாள். "புள்ளைய அழ வெச்சு நான் நல்லவன்னு காட்டோணும்னா, எனக்கு வேண்டாம். வேற வழி சொல்லுங். நீங்க அந்தக் காப்பகத்துப் பதிவ எடுங். இவ அலறுனான்னு எழுதியிருக்குதே, சத்தம் முதல்ல வந்துச்சா, அலறல் முதல்ல வந்துச்சா?"

"சத்தம்தாங்க முதல்ல. அப்புறம்தான் அலறல்."

"ஆச்சு. சத்தம் வந்துச்சு. அப்பறம்?"

"அப்புறம் அலறல்."

"நடுவுல?"

அதியன் கையிலிருந்த தொடுதிரைப் பலகையைத் தட்டினார். "நடுவுலன்னு ஒண்ணும் இருக்காதுங்க. இசைவு கால் மணி நேரத்தை ஒரு பெட்டியா எடுத்துக்கும். அந்தப் பெட்டிக்குள்ள சத்தம் இருக்கு, அலறல் இருக்கு. அவ்வளவுதான் பார்க்கும்."

தர்ஷினிக்கு முதன்முதலாக அந்த இயந்திரத்தின் மேல் பரிதாபம் வந்தது.

"என்ன தம்பி நீங்க. இந்த பிளாக்குல ஒரு சண்டைன்னா, யாரு முதல்ல வாயத் தொறந்தா, அடுத்து யாரு என்ன சொன்னா, கதவ யாரு சாத்துனான்னு வரிசையாத் தெரியாம நான் ஒரு வார்த்தை வெளிய சொல்லமாட்டேன். தெரியாமச் சொன்னா அது சேதியே இல்ல, புரளி. உங்க மெசினு இத்தன வருசமா இந்தப் புள்ளையப் பத்திப் புரளி பேசியிருக்குது. நெசப் பதிவு இருக்குமில்ல, காதுல கேக்கற மாதிரி?"

இருந்தது. கேட்கும் உரிமை அதியனுக்கும் இருந்தது. இதுவரை யாரும் கேட்கச் சொன்னதில்லை. அவர் ஒரு வியாழக்கிழமையைத் தேடி எடுத்தார். கூடத்தில் பாட்டுக் குழுவின் குரல்கள் எழுந்தன, தாளத்தோடு. நாச்சி நிமிர்ந்தாள். பழைய ஆட்களைக் கண்டவள் மாதிரி முகம் மலர்ந்தது. பதினோரு நிமிடம் பாட்டு. பிறகு பேச்சு, சிரிப்பு, பெட்டி மூடும் ஓசை, போகும் காலடிகள், இரும்பு கேட் சாத்தும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் அலறல்.

அடுத்த வியாழக்கிழமை. பாட்டு, கேட், ஒன்றுமில்லை, அலறல். கிரைண்டர் ஓடியது, நின்றது, ஒன்றுமில்லை, அலறல்.

ஏழாவது பதிவில் அதியன் பலகையைக் கீழே வைத்துவிட்டார். தர்ஷினி நாச்சிக்காகத் தாழ்ந்த குரலில், "அதியன் தம்பி நிறுத்திப்போட்டாரு, மூக்கத் தொடைக்கறாரு, கவின்ராஜு தண்ணி கொண்டுவர்றாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு தெரியாத புள்ளைக்குச் சத்தம்தான் வெளிச்சமுங்" என்றார் கவின்ராஜ் தண்ணீரை நீட்டியபடி. "நாம எல்லாருஞ் சேந்து அணைச்சுப் போட்டோம்." அது அவர் அந்த மாதத்தில் பேசிய நீளமான பேச்சு.

"முன்னாடி வெச்சிருந்த வீட்டுக்காரங்க" என்றார் அதியன் மெதுவாக. "கோபியில ஒரு தம்பதி. சுவரெல்லாம் கார்க் ஒட்டியிருந்தாங்க. குழந்தையைத் திருப்பி விடும்போது அந்தம்மா அழுதது எனக்கு நினைவிருக்கு. இன்னும் எவ்வளவு அமைதியா இருக்கறதுன்னு கேட்டாங்க."

"அவியளுக்குச் சொல்லிருங்" என்றாள் தர்ஷினி. "தப்பு அவிய மேல இல்லைன்னு. இன்னைக்கே சொல்லிருங்."

வேன் காலியாகத் திரும்பியது. அது தெருமுனை திரும்புவதற்குள் ரித்விக் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு, மோட்டாரின் மேலிருந்த மெத்தைகளைப் பிடுங்கி எறிந்தார். மோட்டார் கத்தியது. பத்துப் பதினைந்து குக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விசிலடித்தன. காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியை முழுசாகத் திறந்து, கத்தரிக்காயைத் தொண்டை கிழியக் கூவினார். மாவுக் கடையில் கிரைண்டர் சுழன்றது. நாச்சி அதன் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து நின்றாள். அவள் சிரித்து யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. கரகரவென்று, புதுக் கிரைண்டர் மாதிரியே இருந்தது.

வாரியத்தால் அத்தோடு நிற்க முடியவில்லை. அதியன் இருநூற்றுப் பதினோரு கோப்புகளின் நிஜப் பதிவைக் கேட்கவைத்தார். பத்தொன்பது பிள்ளைகளின் விஷயத்தில் முன்னது பின்னதாக எழுதப்பட்டிருந்தது. பத்தொன்பது பேருக்கும் கோப்பு மறுபடி திறந்தது. கேட்டுச் சொல்லும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது, ஈ பிளாக்கிலிருந்து நான்கு பெண்கள் போனார்கள். அவர்களுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

ஆறு மாதம் கழித்து, நிரந்தர வளர்ப்பு உத்தரவோடு அதியன் வந்தார். தர்ஷினியும் நாச்சியும் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது இருவருக்கும் ஒரு பாஷை இருந்தது, உள்ளங்கையில் தட்டும் பாஷை. ஆளுக்கு ஓர் அடையாளம். தலையில் தடவினால் ரித்விக். கன்னத்தில் கிள்ளினால் ஹன்சிகா, விரல் நுனியைக் கிள்ளினால் அவளுடைய கல்யாணமாகாத மகள் குயிலி. மணிக்கட்டில் இரண்டு தட்டு, வளையம் கொண்டுவந்த அதியன்.

அதியன் அறிக்கையைப் படித்தார். "இசைவு எண் தொண்ணூற்று நாலு. அப்புறம் குழந்தையைப் பத்தி ஒரு குறிப்பு இருக்குங்க." தொண்டையைச் செருமினார். "குழந்தை அதிகம் பேசுகிறாள். நாளொன்றுக்கு மூவாயிரம் தட்டல்கள். அதில் எண்பத்திரண்டு விழுக்காடு, அங்கில்லாத மனிதர்களைப் பற்றியவை."

தர்ஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "மீதி பதினெட்டு?" என்றாள்.

அதியன் பக்கத்தைப் புரட்டுவதற்குள் நாச்சி தர்ஷினியின் கையை இழுத்து விரித்தாள். மணிக்கட்டில் இரண்டு தட்டு. இரு விரல்களால் உள்ளங்கையில் படியேறினாள், ஒன்று, இரண்டு, மூன்று மாடி. அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விரல் நுனியில் மெதுவாக ஒரு கிள்ளு. பிறகு விரல்களை அதே படிகளில் இறக்கி, கடை வாசலுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். யோசித்துவிட்டு, எத்தனை தடவை என்று ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். ஐந்து தடவை.

ஈ பிளாக்கில் ஐந்து தடவை நடந்த ஒரு விஷயம் தர்ஷினிக்குத் தெரியாமல் இருந்தது அதுவே முதல் தடவை. அவள் நிமிர்ந்து அதியனைப் பார்த்தாள். அவருடைய காதுகள் இரண்டும் சிவந்துகொண்டிருந்தன.

"காப்பி குடிக்கறீங்களா தம்பி" என்று கேட்டாள் தர்ஷினி, நாச்சியை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு. "சாவகாசமா உக்காருங். எம்பொண்ணு உங்களப் பத்தி என்னமோ சொல்ல ஆரம்பிச்சிருக்கறா."